வேண்டிய ஆகாரம்: ஒரு கிரேக்கச் சொல்லின் தீராத வழக்கு

எகிப்தில் கெய்ரோவுக்குத் தெற்கே ஃபாயூம் என்றொரு வட்டாரம். அங்குள்ள ஹவாராவில் 1888, 1889ஆம் ஆண்டுகளில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் அகழ்ந்துகொண்டிருந்தார். அவருக்கு அங்கே யோகம் அடித்தது. இறந்தவர்களின் முகத்தின் மேல் வைத்துக் கட்டிய வண்ண ஓவியங்கள் வரிசையாக வந்தன. ஒரு பெண்ணின் தலைக்கு அடியில் ஹோமரின் இலியட் காவியச் சுருள் கிடைத்தது. கூடவே கந்தல் கந்தலாகப் பாப்பிரஸ் தாள்கள். அவற்றைப் படித்து எழுதிக் கொடுக்கும் வேலை ஆக்ஸ்போர்டு அறிஞர் ஆர்ச்சிபால்டு சேஸிடம் போனது. 1889இல் பெட்ரி வெளியிட்ட நூலில் சேஸ் படித்த வாசகங்கள் அச்சாயின.

அந்தத் தாள்களில் ஒன்று வீட்டுச் செலவுக் கணக்கு. நம் வீடுகளில் மளிகைக்காரரிடம் கொடுத்தனுப்பும் சீட்டுக்கு அது தூரத்துச் சொந்தம். வாங்கிய பண்டம், அதற்கான காசு என்று வரிவரியாகப் போகும். யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு வரியில் ‘எபியூசி’ என்று தொடங்கும் ஒரு சொல் இருப்பதாகச் சேஸ் படித்திருந்தார். அந்த ஒற்றைச் சொல்லுக்காகப் பைபிள் அறிஞர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சீட்டை நினைத்துக்கொண்டே இருந்தார்கள்.

காரணம், உலகில் மிக அதிகம் சொல்லப்படும் பிரார்த்தனைகளில் ஒன்றின் நடுவே அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு என்ன பொருள் என்று இன்றுவரை யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இயேசு சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த பிரார்த்தனை அது. புராட்டஸ்டண்டு சபைகளில் பரமண்டல ஜெபம் என்பார்கள். கத்தோலிக்கர்களுக்குக் கர்த்தர் கற்பித்த செபம். மத்தேயு 6ஆம் அதிகாரத்திலும் லூக்கா 11ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. அதன் நடுவில் உணவு கேட்கும் ஒரு வரி. சி.எஸ்.ஐ. கோயிலில் வளர்ந்தவருக்கு அது ‘வேண்டிய ஆகாரம்’. கத்தோலிக்கக் கோயிலில் வளர்ந்தவருக்கு ‘அன்றாட உணவு’. வீட்டில் பாட்டி இருந்தால் ‘அனுதின உணவு’. ஒரே ஊரில், பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில், ஒரே வரியை இப்படி வெவ்வேறாகச் சொல்கிறார்கள். வேண்டியது ஒன்று, அன்றாடம் வேறொன்று அல்லவா? எது சரி?

இரண்டுக்கும் மூலத்தில் இருப்பது ‘எபியூசியோஸ்’ என்ற ஒரே உரிச்சொல். உணவு என்பதற்கு முன்னால் அடையாக வருகிறது. எப்படிப்பட்ட உணவு என்பதைச் சொல்ல வேண்டிய சொல் அது. அதுதான் வாயைத் திறக்க மறுக்கிறது.

புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் இந்தப் பிரார்த்தனையைத் தவிர வேறெங்கும் இல்லை. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இல்லை. பிளேட்டோவிடம் இல்லை, நாடகக்காரர்களிடம் இல்லை, வரலாற்று ஆசிரியர்களிடம் இல்லை. ‘திதாக்கே’ என்ற பழங்கிறிஸ்தவக் கையேட்டில் இருக்கிறது. ஆனால் அது இதே பிரார்த்தனையை எடுத்து எழுதும் இடத்தில்தான். கிறிஸ்தவ எழுத்துக்கு வெளியே, ஐயமின்றி எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு சான்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.

இது இப்போதுள்ளவர்களுக்கு மட்டும் வந்த சிக்கல் என்று நினைக்க வேண்டாம். சுமார் 233ஆம் ஆண்டில் ஓரிகன் என்ற அறிஞர் பிரார்த்தனையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அலெக்சாந்திரியாவில் பிறந்தவர், கிரேக்கம் அவருக்குத் தாய்மொழி, அந்தக் காலத்தில் அவரளவு படித்தவர்கள் குறைவு. எந்த அறிஞரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை, சாதாரண மக்களின் பேச்சிலும் இது இல்லை, நற்செய்தி எழுதியவர்களே உருவாக்கிய சொல்போலத் தெரிகிறது என்று அவரே எழுதிவிட்டார். சொந்த மொழிக்காரர், அதுவும் இருநூறு ஆண்டுக்குள், கையை விரித்துவிட்ட சொல் இது.

ஏன் புதிதாக ஒரு சொல் தேவைப்பட்டது? இயேசு பேசியது அரமேய மொழி. அவர் வாயிலிருந்து வந்த மூலச் சொல் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதைக் கிரேக்கத்தில் சொல்ல முயன்ற யாரோ ஒருவர், கையிருப்பில் உள்ள சொல் எதுவும் போதாது என்று நினைத்திருக்க வேண்டும். ‘தினசரி’ என்பதற்குக் கிரேக்கத்தில் நல்ல சொற்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்தார் என்றால், தினசரி என்பது மட்டும் அவர் கருத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அவரிடமே கேட்கலாம் என்றால் ஆள் யாரென்று தெரியாது.

ஆகவே சொல்லைப் பிரித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. தமிழ் ஐயாவிடம் புணர்ச்சி படித்தவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும்.

‘எபி’ என்பது முன்னொட்டு: மேல், அருகே, பொருட்டு என்று பல பொருள். அடுத்து வருவது என்ன என்பதில்தான் சண்டை. ‘ஊசியா’ என்று ஒரு சொல் உண்டு. இருப்பு, உள்ளமை, உயிர்ப்பொருள் என்று பொருள். எபி, ஊசியா இரண்டும் சேர்ந்தால் ‘உயிர் தரிப்பதற்கு உரிய’ உணவு. கொஞ்சம் ஆன்மிகமாக இழுத்தால் ‘உள்ளமையின் சாரத்துக்கு உரிய’ உணவு. ஓரிகன் இந்தப் பக்கம்தான் சாய்ந்தார்.

இதற்கு ஓர் இலக்கணத் தடை இருக்கிறது. தமிழில் மணியும் அடியும் சேரும்போது இரண்டு உயிரெழுத்துகள் மோதிக்கொள்ளாமல் நடுவே ஒரு யகரம் வந்து நிற்கிறது, மணியடி என்கிறோம். உடம்படுமெய் என்று அதற்குப் பெயர். கிரேக்கத்துக்கு இந்த நாகரிகம் கிடையாது. உயிர் முன் உயிர் வந்தால் ‘எபி’யின் இகரம் ஓடிவிடும். ‘எபி’யோடு ஆட்சியைக் குறிக்கும் ‘ஆர்கே’ சேர்ந்தால் கிடைப்பது ‘எபார்க்கியா’, இகரம் போய்விட்டது. அதே விதிப்படி எபியும் ஊசியாவும் சேர்ந்தால் ‘எபூசியோஸ்’ என்றுதான் வர வேண்டும். எபியூசியோஸ் என்று இகரத்தோடு ஏன் வந்தது? விதிவிலக்குகள் உண்டு, பொய்ச்சத்தியம் செய்பவனைக் குறிக்கும் ‘எபியோர்கோஸ்’ என்ற சொல்லில் இகரம் ஓடவில்லையே என்று மறுதரப்பு பதில் சொல்லும். இருந்தாலும் விதிவிலக்கைக் காட்டி வழக்கு ஜெயிப்பது கடினம்.

இன்னொரு வழி, வருதலைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து போவது. ‘எபியேனாய்’ என்றால் அடுத்து வருவது. அதிலிருந்து ‘எபியூசா’, வரும் நாள். இங்கே எபியின் இகரம் விதிப்படி ஓடிவிட்டது. காதில் விழும் இகரம் அந்த வினையின் சொந்த இகரம். இலக்கணம் சுத்தமாகப் பொருந்துகிறது. போதாததற்கு ‘எபியூசா’ புதிய ஏற்பாட்டில் வேறு இடத்தில் இருக்கிறது. லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில் ஐந்து இடங்களில் அடுத்த நாளையோ அடுத்த இரவையோ குறிக்கிறது. பவுல் கப்பல் ஏறினார், மறுநாள் இன்ன துறைக்கு வந்தார் என்னும்போது அந்த மறுநாள்தான் எபியூசா.

அப்படியென்றால் பிரார்த்தனை, நாளைய உணவை இன்றே கேட்கிறது.

இங்கே உடனே ஒரு முட்டுக்கட்டை. அதே மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்கிறார் இயேசு. நாளைக்கு இப்போதே சாப்பாடு கேள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இருபது வசனம் தாண்டி நாளையை மறந்துவிடு என்றும் சொல்வாரா?

இந்த முடிச்சை அவிழ்க்கக் கிறிஸ்துவுக்கு நானூறு ஆண்டு முந்தைய ஏதென்ஸ் சிறைக்குப் போக வேண்டும். பிளேட்டோவின் ‘கிரிட்டோ’ உரையாடல் அங்கேதான் தொடங்குகிறது. இன்னும் விடியவில்லை. சாக்ரடீஸ் தூங்குகிறார், நண்பர் கிரிட்டோ எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். டெலோஸ் தீவிலிருந்து ஒரு கப்பல் வந்து சேர்ந்தால் மறுநாள் சாக்ரடீஸுக்குச் சாவு. கப்பல் இன்று வந்துவிடும் என்று வருத்தத்தோடு சொல்கிறார் கிரிட்டோ. தான் கண்ட கனவை வைத்து, அது ‘வரும் நாளில்’ வராது, அதற்கடுத்த நாளில்தான் வரும் என்கிறார் சாக்ரடீஸ். அவர் சொல்லும் வரும் நாள், இன்னும் சற்று நேரத்தில் விடியப்போகும் அதே நாள். நம் கணக்கில் அது இன்று.

ஜே. பி. லைட்ஃபுட் என்ற ஆங்கிலேய அறிஞர் 1871இல் இந்தப் பக்கத்துக்காக வலுவாக வாதாடினார். எபியூசா நாளையை மட்டும் குறிப்பதல்ல. எந்த நேரத்தில் பேசுகிறோமோ அதற்கு அடுத்து வரும் பொழுது அது. விடிகாலையில் சொன்னால் இன்றைய பகல். இரவில் சொன்னால் நாளைய பகல். திதாக்கே இந்தப் பிரார்த்தனையை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. காலையில் சொல்லும்போது ஒரு பொருளும், விளக்கு வைத்த பின் சொல்லும்போது இன்னொரு பொருளும் தந்து, இரண்டு வேளைக்கும் பொருந்துகிற சொல் வேண்டுமென்றால் இதைவிட நல்ல சொல் அமையாது.

மறுநாளுக்கு இரவே வழி பண்ணி வைப்பது பேராசை ஆகாது என்பது அடுப்படி தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரவுச் சோற்றில் மிச்சத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால்தான் காலையில் பழையது. அது இருக்கிறது என்ற நினைப்பில்தான் வீட்டுக்காரிக்குத் தூக்கம் வரும். இயேசுவைச் சுற்றி நின்று இந்தப் பிரார்த்தனையைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட அன்றாடங்காய்ச்சிகள். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் கதை வருகிறது. ஒரு நாள் வேலைக்கு ஒரு தெனாரியம். பொழுது சாய்ந்ததும் கூலி கையில் வர வேண்டும். கூப்பிட ஆளில்லாமல் சாயங்காலம் ஐந்து மணிவரை சந்தையில் நின்றவர்களும் அந்தக் கதையில் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் இந்த வரியை வைத்துப் பார்த்தால் கவலைக்கும் கோரிக்கைக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

யூதர்களுக்கு இதில் ஒரு பழைய நினைவும் உண்டு. எகிப்திலிருந்து தப்பி வந்தவர்களுக்குப் பாலைவனத்தில் மன்னா விழுந்தது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குப் பொறுக்க வேண்டும். பதுக்கி வைத்தவர்களுடையது மறுநாள் புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் விலக்கு: அன்று இரட்டிப்பாகக் கிடைத்தது, மறுநாளுக்கும் கெடவில்லை. நாளைய உணவு இன்றே கையில் வரும் நாள் ஒன்று அவர்கள் கதையிலேயே இருந்தது.

கிரேக்கர்கள் இப்படித் திணறியது போதாதென்று, லத்தீன்காரர்கள் பங்குக்கு ஒரு குழப்பம். பழைய லத்தீன் மொழிபெயர்ப்புகளில் இரண்டு நற்செய்திகளிலும் ‘கொத்திதியானும்’, அதாவது தினசரி, என்று இருந்தது. 382இல் போப் தமாசுஸ், ஜெரோம் என்ற துறவியிடம் லத்தீன் நற்செய்திகளைத் திருத்தித் தரச் சொன்னார். ஜெரோம் பிடிவாதக்காரர், ஆனால் மொழி தெரிந்தவர். லூக்காவில் தினசரி என்பதை அப்படியே விட்டார். மத்தேயுவில், எபி, ஊசியா என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ‘சூப்பர்சுப்ஸ்தான்சியாலெம்’ என்று நீளமாக ஒரு லத்தீன் சொல்லைப் போட்டார். எல்லாப் பொருள்களுக்கும் மேலான உணவு என்று தமிழில் சுற்றி வளைத்துச் சொல்லலாம். மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். அவர் தந்ததோ இரண்டு சொல். பிற்பாடு மத்தேயுவுக்கு உரை எழுதியபோது மூன்றாவதாக ஒன்றையும் சொன்னார்: எபிரேயர் நற்செய்தி என்ற நூலில் இந்த இடத்தில் ‘மகார்’ இருக்கக் கண்டதாக. மகார் என்றால் நாளை. அந்த நூல் நம் கைக்கு வந்து சேரவில்லை. ஜெரோம் போன்றவர்கள் எடுத்துக்காட்டிய துணுக்குகள்தான் மிச்சம்.

ஒரே மனிதர் மூன்று விடை சொன்னதை யாரும் கேலி செய்ய வேண்டாம். ஒரு குறளுக்குப் பரிமேலழகர் ஒன்றும் மணக்குடவர் வேறொன்றும் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே இருவர் வேலையையும் ஒருவரே செய்துவிட்டார், அவ்வளவுதான்.

மிலான் ஆயர் அம்புரோஸ் இந்தச் சொல்லை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார். அவருக்கு அந்த உணவு, நற்கருணை அப்பம். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களிடம் பேசும்போது, இது தினசரி உணவு என்றால் கிழக்கே கிரேக்கர்கள் செய்வதுபோல வருடத்துக்கு ஒரு முறை ஏன் வாங்குகிறீர்கள் என்று கேட்டார். சொல்லாராய்ச்சியாகத் தொடங்கிய பேச்சு கண்டிப்பில் போய் முடிந்தது.

அந்தியோக்கியாவில் பிரசங்கித்த பொன்வாய் யோவான் இவ்வளவு உயரம் பறக்கவில்லை. ஒரு நாளுக்கான உணவு, அவ்வளவுதான் என்றார். நீசா நகர கிரகோரி இன்னும் கறார்: ரொட்டி கேட்கச் சொன்னார்கள், செல்வமும் பட்டாடையும் கேட்கச் சொல்லவில்லை என்பது அவர் வாதம்.

இந்தச் சொல்லுக்காக நடந்த சண்டைகளில் சுவையானது 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் நடந்தது. எலோயிஸ் தலைமை தாங்கிய பாரக்ளீட் கன்னியர் மடத்துக்குக் கிளேர்வோ பெர்னார்டு வந்தார். அந்தக் காலத்துத் திருச்சபையில் போப்புகளே அவர் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள். பிரார்த்தனை நேரத்தில் கன்னியர்கள் தினசரி என்ற சொல்லுக்குப் பதிலாக ஜெரோமின் நீளச் சொல்லைச் சொன்னார்கள். பெர்னார்டுக்குத் திக்கென்றது. மடத்துக்கு வழிமுறை வகுத்துக் கொடுத்தவர் அபெலார்டு; எலோயிஸின் முன்னாள் காதலர், கணவர், பிறகு துறவி, எப்போதும் வம்புக்கு நிற்கும் தர்க்கக்காரர். செய்தி அவர் காதுக்குப் போனதும் பெர்னார்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மத்தேயு நேரில் கேட்டவர், லூக்கா கேட்டவரல்லர். நீங்கள் எல்லோரும் மத்தேயுவின் பிரார்த்தனையைச் சொல்கிறீர்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் லூக்காவிலிருந்து ஒட்டுப்போடுகிறீர்கள். புதுமை செய்வது நானா நீங்களா என்று மடக்கினார். பைபிளை வைத்துப் பார்த்தால் அபெலார்டு சொன்னதில் தவறில்லை. மரபுதான் அவரோடு நிற்கவில்லை.

அதே நீளச் சொல், தெற்குப் பிரான்சில் இருந்த கத்தாரி என்னும் பிரிவினரிடமும் போனது. உடலும் உலகமும் தீயவை என்று நம்பியவர்கள் அவர்கள். கடவுளிடம் போய் வெறும் சாப்பாட்டைக் கேட்பது அவர்களுக்கு ஒவ்வாது. பொருள்களுக்கு மேலான உணவு என்பது வசதியாக அமைந்தது. திருச்சபை அவர்களைத் தேடித்தேடி அழித்தது.

மாறாக மார்ட்டின் லூத்தர் இந்த உணவைத் தரைக்கு இறக்கினார். 1529இல் அவர் எழுதிய சின்ன ஞானோபதேசத்தில் தினசரி உணவு என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒரு நீண்ட பட்டியலையே விடையாகத் தருகிறார். சாப்பாடு, குடிக்க, உடுக்க, செருப்பு, வீடு, வயல், ஆடுமாடு, நல்ல துணை, நல்ல அரசாங்கம், நல்ல மழை வெயில், நம்பிக்கையான அண்டை வீட்டார் என்று அது போகும். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். செருப்பிலிருந்து அரசாங்கம்வரை ஒரே சொல்லில் அடங்கும் என்று தமிழ் லுத்தரன் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளியில் படிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

தமிழுக்கு இந்தப் பிரார்த்தனை அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தாய்மொழி பாஸ்க்கு. பரதவர்களுக்குத் தெரிந்தது தமிழ். இரண்டுக்கும் நடுவே ஆளைப் பிடித்து, பல நாள் பாடுபட்டு, பிரார்த்தனைகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்ததாக 1544இல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அந்த அவசர மொழிபெயர்ப்பில் ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று போட்டிருந்தார்கள். கடவுளை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டியவர்கள் கடவுள் வேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விஷயம் புரிந்ததும், தம் தோழர் மான்சில்யாசுக்கு எழுதிய கடிதத்தில், இனி வேணும் என்று சொல்லிக்கொடுக்காதீர், விசுவாசம் என்று சொல்லிக்கொடும் என்று திருத்தினார். (கடவுள் வேணும் என்பதும் மோசமான பிரமாணம் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் அது வேறு கட்டுரை.)

விசுவாசப் பிரமாணத்திலிருந்து துரத்தப்பட்ட அந்த ‘வேணும்’, பின்னாளில் பரமண்டல ஜெபத்துக்குள் ‘வேண்டிய’ என்று முன்வாசல் வழியாகவே வந்து உட்கார்ந்தது. சீகன்பால்கின் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சானது. அதற்குப் பின் ஃபெப்ரீசியஸ், 19ஆம் நூற்றாண்டில் பவர் குழு என்று பலர் கை வைத்துத் திருத்தினார்கள். இன்று புராட்டஸ்டண்டு வீடுகளில் இருக்கும் பழைய திருப்புதல் மத்தேயுவிலும் லூக்காவிலும் வேண்டிய ஆகாரம் என்றே சொல்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மத்தேயுவில் ‘தேவையான’ என்றும் லூக்காவில் ‘அன்றாட’ என்றும் பிரித்துப் போட்டிருக்கிறது. ஜெரோம் செய்த அதே வேலை, பதினாறு நூற்றாண்டு கழித்து.

உணவு என்ற சொல்லிலும் ஒன்றைக் கவனிக்கலாம். மூலத்தில் இருப்பது ‘ஆர்தோஸ்’, ரொட்டி. ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையிலும் அதே ஆர்தோஸ்தான். அங்கே அப்பம் என்று போட்ட அதே பழைய திருப்புதல், பிரார்த்தனையில் மட்டும் ஆகாரம் என்கிறது. சோறு தின்னும் ஊரில் கடவுளிடம் போய் அப்பம் கேட்டால் பலகாரம் கேட்பதுபோல ஆகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, செய்தது நல்ல காரியம்.

‘வேண்டிய’ தற்செயலாக விழுந்த சொல்லா? பழைய சிரியாக் மொழிபெயர்ப்பு ஒன்றில் எபியூசியோஸ், ‘அமீனா’ என்று வருகிறது. எப்போதும் நிற்கிற உணவு. பிறகு வந்த பெஷித்தா என்ற சிரியாக் பைபிளில் அது ‘சூன்கானன்’ ஆனது. எங்கள் தேவைக்கான உணவு என்று பொருள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாகச் சிரியாக்கில் ஓதி வந்தது இந்த வடிவத்தைத்தான். சிரியாக், இயேசு பேசிய அரமேயத்தின் கிளைமொழி. அந்த மொழிக்காரர்கள் காதில் இந்த வரி தேவை என்று ஒலித்திருக்கிறது என்றால் அதற்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கலாம்.

ஆனால் ‘வேண்டிய’ வெறும் தேவையோடு நிற்கிற சொல் அல்ல. தேவைப்படுவதும் வேண்டுவது, ஆசைப்படுவதும் வேண்டுவது, சாமியிடம் கேட்பதும் வேண்டுவது. நெருங்கிய மனிதரை ‘நமக்கு வேண்டியவர்’ என்கிறோம். எங்களுக்கு வேண்டிய ஆகாரம் என்னும்போது எவ்வளவு, எந்த நாளைக்கு, வயிற்றுக்கா ஆத்மாவுக்கா என்று எதையும் அது பூட்டி வைப்பதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்டுக்கறிக் குழம்பு காத்திருக்கும் வீட்டுக்குப் போகிறவரும் அதைச் சொல்லலாம். திங்களன்று வேலை கிடைக்குமா என்று தெரியாத கொத்தனாரும் சொல்லலாம். லத்தீனின் தினசரியும் ஜெரோமின் நீளச் சொல்லும் ஆளுக்கொரு கதவைத் திறந்து மற்றதைச் சாத்தின. இலக்கணத்தைக் கேட்டால் வரும் நாளுக்கான உணவு என்ற பக்கமே வலுவானது. நாளும் தேதியும் சொல்லாவிட்டாலும், பொருளை நெருக்காமல் விட்டதில் தமிழ்ச் சொல் மற்றவற்றைவிட ஒரு படி மேல்.

இனி அந்த மளிகைச் சீட்டுக்கு வரலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்து மணலிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான பாப்பிரஸ் தாள்கள் பைபிள் கிரேக்கத்தின் மர்மத்தையே உடைத்துக்கொண்டிருந்தன. தெய்வீக மொழி என்று நினைத்த சொற்களெல்லாம் கடைக்காரர் சிட்டையிலும் படைவீரன் கடிதத்திலும் கிடைத்தன. ஜெர்மன் அறிஞர் அடோல்ஃப் டைஸ்மன் இதையே தம் வாழ்நாள் வேலையாகச் செய்தார். அந்த உற்சாகத்தில் ஹவாராச் செலவுக் கணக்கின் ‘எபியூசி’ பெரிய துருப்புச் சீட்டானது. வீட்டுக் கணக்கில் இந்தச் சொல் வந்தால், அன்றாடப் படி என்ற பொருள் உறுதியாகிவிடும் அல்லவா? அகராதிகள் அதை ஏற்றிக்கொண்டன. சரிபார்க்கலாம் என்று தேடினால் தாளைக் காணவில்லை. 1957இல் இந்தச் சொல் பிரார்த்தனைக்கு வெளியே எத்தனை முறை வருகிறது என்று புரூஸ் மெட்ஸ்கர் கணக்கெடுத்தபோது, சேஸ் எழுதி வைத்த அந்த ஒரு வாசகத்தை நம்புவதைத் தவிர வழியில்லாமல் இருந்தது. சேஸோ கையெழுத்துப் படிப்பதில் அவ்வளவு கவனமானவர் என்று பெயரெடுத்தவர் அல்லர்.

1998இல் அந்தத் தாள் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. நைமன், வோர்ப் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த வரியை எழுத்து எழுத்தாக மறுபடி படித்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே இருந்தது எபியூசியோஸ் அல்ல, ‘எலாயு’. எண்ணெய்.